ஸ்ரீகண்டையரின் ஸ்டெப்னி

வண்டிக்கு நாலு சக்கரம் போதும் என்று சொல்லுகிறவன் ஒருநாளும் வண்டி ஓட்டியிருக்க மாட்டான். ஐந்தாவது ஒன்று வேண்டும். அது உருளாது, உழைக்காது, வண்டியின் முதுகில் சும்மா தொங்கும். ஆனாலும் அது இல்லாத வண்டியை நம்பி வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. இருபத்தாறு வருஷம் ஊரார் லாரியை ஓட்டின தாசையனுக்கு இது தெரியாததல்ல. தெரிந்திருந்தும் கரமனையில் அந்தக் கறுப்புக் காரை வாங்கின அன்றைக்கு அவன் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. அடியில் படுத்துப் பார்த்தான், எஞ்சினில் காதை வைத்துக் கேட்டான், நாலு டயரையும் நகத்தால் கீறிப் பார்த்தான். வண்டியின் பின்பக்கம் கொட்டகைச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றது. அப்படி நிறுத்தி வைத்ததே வேண்டுமென்றுதான் என்று பிற்பாடு தோன்றியது. பிற்பாடு தோன்றி என்ன பிரயோஜனம்?

பேட்டரி வேறு செத்துக் கிடந்தது. முன்னால் கம்பியைப் போட்டு, தோள்பட்டை கழன்றுபோகிற மட்டும் சுற்றித்தான் வண்டியைக் கிளப்பிக் கைமனத்துக்குக் கொண்டுவந்தான். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு ஒரு சுற்று சுற்றி வந்தபோதுதான் பார்த்தான். ஸ்டெப்னி மாட்டுகிற இரும்பு மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது.

யுத்தத்தின் நாலாவது வருஷம் அது. துணிக்குக் கியூ, அரிசிக்குக் கியூ. டயருக்குக் கியூகூடக் கிடையாது, டயரே கிடையாது. வாடகை வண்டிக்குப் பெர்மிட் எழுதுகிற இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றி வந்து, பிரம்பால் அந்த மொட்டை இரும்பைத் தட்டினார்.

"ஸ்டெப்னி எவிடெடோ?"

"வரும், சாரே."

"வந்நிட்டு வா. சனியாழ்ச்ச வரெ சமயம் தராம். அது கழிஞ்ஞால் தன்றெ பெட்ரோல் கூப்பன் அடுத்த ஆளுக்கு."

விளவங்கோட்டில் அப்பன் வைத்துவிட்டுப் போன தென்னை விளையை விற்று வாங்கின வண்டி. பெர்மிட் இல்லாவிட்டால் அது கோழி அடைய ஒரு கூடு, அவ்வளவுதான். திரும்பவும் ஒருத்தன் லாரியில் ஏறி, ஒருத்தன் வாயில் ஏச்சு வாங்க வேண்டும். சனிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

மனைவி எலிசாள் வண்டியை ஏறெடுத்தே பார்க்கவில்லை. ஆற்றில் துணி துவைக்கிற பெண்கள் அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்.

"ஓய், அந்தச் சாமி இந்த வண்டிக்க உள்ள இருந்தாக்கும் செத்தது. உமக்குத் தெரியுமா?"

"கட்டில்ல கெடந்தும்தான் ஆளு சாவுது. அதுக்காவ தரையிலயா கெடக்கிய?"

"நீரு ஓட்டும். எனக்குக் காலு ரெண்டு இருக்கு. கோயிலுக்கு நான் நடந்தே போவேன்."

மறுநாள் காலையில் தாசையன் கரமனை அக்கிரகாரத்துக்குப் போனான். காரை விற்றவர் ராஜமணி ஐயர். காருக்குச் சொந்தக்காரராயிருந்து செத்துப்போன ஸ்ரீகண்டையரின் மச்சினர். ஸ்ரீகண்டையர் சர்க்கார் ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகுட்டி கிடையாது. அக்காள் ஒற்றையாகப் போய்விட்டாள் என்று ராஜமணி வந்து கூட இருந்தார். தாசையனைத் தெருமுனையில் கண்டதுமே அவர் எழுந்து வாசல்படியை அடைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன தாசையா, வண்டி நன்னா ஓடறதோ?"

"ஓடும் சாமி. ஒண்ணு பொட்டிச்சுன்னா பெறவு நான் முட்டுக்கால் போட்டுத் தள்ளணும். ஸ்டெப்னி எங்க?"

"ஸ்டெப்னி இல்லேன்னுதானே வித்தேன்?"

"எப்ப சொன்னீரு?"

"நீ எப்போ கேட்டே?"

கேட்காதது இவன் தப்பு. கேட்க விடாமல் சுவரோடு ஒட்டி நிறுத்தினது அவர் சாமர்த்தியம்.

"சாமி, நான் மலையாளமும் தமிழும் ரெண்டும் தெரிஞ்சவன். ரெண்டு பாஷையிலயும் ஏமாந்தவன். டயருக்கு இப்ப என்ன கிராக்கின்னு உமக்கும் தெரியும். ராத்திரி வீட்டு முற்றத்துல நிக்கிய வண்டியில இருந்தே கழட்டிட்டுப் போறானுவ. நீரு அத வேற ஒருத்தனுக்குக் கொடுத்திருக்கீரு. யாருன்னு மட்டும் சொல்லும். நான் அவன்கிட்ட போய்க் கேட்டுக்கிடுதேன்."

ராஜமணியின் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தான். வரவில்லை. அவர் வீட்டுக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பதுக்கே பேசு. அக்கா காதுல விழப்படாது."

விழுந்துவிட்டது. உள்ளே இருட்டிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. அழுத குரலுமல்ல, கோபித்த குரலுமல்ல. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லுகிற மாதிரி ஒரு குரல்.

"அது அவர்கிட்ட இருக்கு."

"யாருக்கிட்ட அம்மா?"

"அவர்கிட்டதான்."

ராஜமணி கதவைச் சாத்தினார். தாசையன் சற்று நேரம் சாத்தின கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர், அவர் என்றால் யார்? பேர் சொல்ல ஒரு பெண்ணுக்குக் கூச்சம் வருகிறது என்றால் அது புருஷனாக இருக்க வேண்டும். புருஷன் செத்து இரண்டு மாதம். அப்படியானால் இது எல்லோருமாகச் சேர்ந்து செய்கிற தட்டிப்பு, ஏமாற்று வேலை என்று முடிவு கட்டிக்கொண்டு நடந்தான். ஆனால் தெரு தாண்டும் வரையில் முதுகு மட்டும் குளிர்ந்துகொண்டே இருந்தது.

சாலைக் கடைத்தெருவில் ஒரு நாள் முழுக்க அலைந்தான். இரும்புக்கடை, சைக்கிள் கடை, பழைய சாமான் கடை ஒன்று பாக்கியில்லை. டயர் என்று வாயைத் திறந்தவுடனே சிரித்தார்கள். பழைய உருப்படி விற்கிற வேலாயுதன்தான் ஒரு கட்டை பீடியும் கொடுத்துச் சிரித்தான்.

"டயரா? ஜப்பான்காரன்கிட்ட போய்க் கேளும், அண்ணாச்சி. ரப்பர் பூரா அவன் கையிலயில்லியா இருக்கு."

"எனக்க வண்டிக்கு ஒரு டயர் இருந்துது. ஸ்ரீகண்டையர் வண்டி. அதத்தான் தேடுதேன்."

வேலாயுதன் சிரிப்பை நிறுத்தினான். "கரமனை வண்டியா? அந்த டயர நான் கண்ணால பாத்தேன் ஓய். சாவுச்சோறு திங்கிய ஒரு சாமி உண்டும், பிச்சுமணி ஐயர்னு. ஸ்ரீவராகத்துல இருக்காரு. அவரு ஒரு மத்தியானம் அத உருட்டிக்கிட்டு இந்த வழியாப் போனாரு. ஈர வேட்டி. ரிம்மோட புது டயர். நான் கடையில இருந்து ஓடிப்போய்க் கேட்டேன், கொடுக்கீரான்னு. ஆளு திரும்பியே பாக்கல்ல. கூப்பிட்டாலும் திரும்பல்ல. செவிடன் மாதிரி ஒரே போக்கு."

"வித்திருப்பான்."

"எங்கிட்ட வராம எங்க விப்பான்?" என்றான் வேலாயுதன்.

பிச்சுமணி ஐயரின் வீடு ஸ்ரீவராகத்தில் தெருவெல்லாம் முடிந்தபிறகு தனியாக ஒரு ஓலைப்புரை. அக்கிரகாரத்துக்காரர்களுக்கு அவர் வேண்டும், ஆனால் பக்கத்தில் வேண்டாம். பகல் மூன்று மணி இருக்கும். மெலிந்து வற்றிய மனிதர், தரையில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு பலகைக்கட்டையின் மேல் ஏதோ வட்டமாகக் கிடந்தது. அதற்கு ஒரு வேட்டி போர்த்தியிருந்தது. முகம் மூடிப் படுத்திருக்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி தாசையனுக்கு ஒரு கணம் திக்கென்றது.

"ஸ்டெப்னிக்கு வந்திருக்கீர்" என்றார் அவர், இவன் வாயைத் திறக்குமுன்.

"ராஜமணி சாமி ஆளு அனுப்பிச் சொல்லிட்டாராக்கும்."

"ஒருத்தரும் சொல்லலை. ஓய், அது இல்லாம அந்த வண்டியை வச்சுண்டு நீர் என்ன பண்ணப் போறீர்? வராம எங்கே போவீர்?"

"வெலை சொல்லும்."

"என்னோடதா இருந்தா சொல்லலாம். எனக்குத் தந்ததில்லை. அவருக்குத் தந்தது."

தாசையன் கதவண்டை குந்தி உட்கார்ந்தான். பேச்சு நீளப் போகிறது, நீளுகிற பேச்செல்லாம் விலை ஏற்றத்தான் என்று அவனுக்குத் தெரியும். பிச்சுமணி சொன்னார்.

"செத்துப் பதினோராம் நாள் ஒருத்தனை உக்கார வச்சு சோறு போடுவா. அன்னிக்கு அவன்தான் செத்தவன். ஒத்தன்னு பேரு. முப்பது வருஷமா எனக்கு அதாக்கும் உத்தியோகம். சாப்பிட்டு எழுந்தா திரும்பிப் பாக்கப்படாது. போயிட்டு வரேன்னு சொல்லப்படாது. போற வழிக்குச் செத்தவனுக்குன்னு குடை கொடுப்பா, செருப்பு கொடுப்பா. வாங்கிண்டு படித்துறையில முங்கி எழுந்தா நான் நானாயிடுவேன். எத்தனை பேரா இருந்திருக்கேன், கணக்கில்லை."

"செரி. டயரு எப்படி வந்துது?"

"அவர் ஆம்படையாள் சீதாலக்ஷ்மி உள்ளேர்ந்து உருட்டிண்டு வந்தாள். சாஸ்திரிகள் பதறிட்டார், இது சாஸ்திரத்துல இல்லைன்னு. 'குடையும் செருப்பும் நடந்து போறவாளுக்கு. அவர் வண்டியிலே போனவராக்கும். வண்டி வழியிலே நின்னு போச்சு. இது இல்லாம எப்படிப் போவார்'னு கேட்டாள். நான் வாங்கிண்டேன்."

ஐயர் செத்த கதையையும் சொன்னார். டயர் திருடர்களுக்குப் பயந்து ஸ்டெப்னியைச் சாமான் அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்கு ஸ்ரீகண்டையர் தனியாகக் கிளம்பின காலையில் அதை எடுத்து மாட்ட நேரமிருக்கவில்லை. அமரவிளை தாண்டிப் பின்பக்கத்துச் சக்கரம் ஒன்று காற்றுப் போயிற்று. இறங்கி நடக்கத் தெம்பில்லாமல் வெயிலில் வண்டிக்குள்ளேயே இருந்தார். சாயங்காலம் பார்க்கும்போது உயிரில்லை. ஏதோ ஒரு லாரியில் கட்டித்தான் வண்டியைக் கொண்டுவந்தார்கள்.

"நான் முங்கி எழுந்தேன், ஓய். நான் நானாகலை. இன்னும் ஆகலை. மத்தியானம் ஆனா கால் மரத்துப் போறது. கண்ணைத் திறந்துண்டுதான் இருக்கேன், எதிர்ல ரோடு தெரியறது. ஒரு பக்கம் மரச்சீனிக் கிழங்கு, ஒரு பக்கம் கல்லு வெட்டின குழி. காத்துண்டே இருக்கேன். வலது கை தானா இப்படி அமுக்கறது."

காற்றில் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார். விட்டு விட்டு, விட்டு விட்டு. தாசையனுக்குச் செத்துக் கிடந்த பேட்டரி நினைவு வந்தது. தீருகிற மட்டும் ஒருத்தன் ஹார்ன் அடித்திருந்தால் அப்படித்தான் செத்துக் கிடக்கும். அந்தப் பேட்டரி விஷயத்தை அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ராஜமணி சொல்லியிருப்பான், என்று உடனே மனசைத் தேற்றிக்கொண்டான்.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"என்னையும் இதையும் அங்கே கொண்டுபோம். அந்த இடத்துல, அந்தக் காத்துப் போன சக்கரத்தைக் கழட்டிட்டு இதை மாட்டும். அவருக்குக் கொடுத்தது அவர் கைக்குப் போய்ச் சேரட்டும். அப்புறம் அவர் போயிடுவார். கழட்டினதை முதுகுல தொங்க விட்டுண்டு நீர் உம்ம இன்ஸ்பெக்டர்கிட்ட போம்."

விலை கேட்காமல் ஒருத்தன் டயர் தருகிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. என்ன இருக்கிறது என்று தாசையன் திருப்பித் திருப்பி யோசித்தான். ஒன்றும் பிடிபடவில்லை. சனிக்கிழமைக்கு இரண்டே நாள் இருந்தது. சரி என்றான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புறப்பட்டார்கள். ஐப்பசி மழை விட்டு விட்டுத் தூறியது. பிச்சுமணி பின் சீட்டில் இருந்தார், அவர் காலடியில் ஸ்டெப்னி. நேமம் வந்தது, பாலராமபுரம் வந்தது, நெய்யாற்றின்கரை வந்தது. மனுஷர் நேமத்துக்குத் தெற்கே வாழ்நாளில் போனதில்லை என்று மட்டும் ஏறும்போது சொல்லியிருந்தார். அமரவிளை தாண்டி ஒரு வளைவு திரும்பினதும் பின்னாலிருந்து கை வந்து தாசையனின் தோளைத் தொட்டது.

"இதாக்கும். நிறுத்தும்."

ஒரு பக்கம் மரச்சீனி விளை. ஒரு பக்கம் கல் வெட்டின குழி, அதில் மழைத் தண்ணீர். ரோடு நேரே தெற்கே போயிற்று.

தாசையன் நிறுத்தவில்லை. இந்த ரோட்டில் மரச்சீனி இல்லாத இடம் எது? வெட்டுகுழி இல்லாத இடம் எது? ஒருத்தன் சொன்னான் என்று நிறுத்த அவன் என்ன பச்சைப்பிள்ளையா? கால் மைல் தள்ளி ஒரு சாயாக்கடை தெரிந்தது. அங்கே போய் நிறுத்தினான்.

"ஓய், ரெண்டு மாசம் முன்ன ஒரு சாமி வண்டியில இருந்து செத்தாரே, அது எங்க?"

கடைக்காரன் வந்த வழியைக் கை காட்டினான். "அன்னா, அந்த வெட்டுகுழிப் பக்கம். இதே மாதிரி கறுப்பு வண்டிதான். காலத்த இருந்து ஹார்ன் அடிச்சிட்டே கெடந்துது."

"கேட்டுட்டு நீங்க ஒருத்தரும் போவல்லியா?"

"பட்டாளத்து வண்டியாக்கும்னு நெனச்சோம். ரெண்டு நாள் முன்னதான் பட்டாளத்துக்காரனுவ விளையில புகுந்து தேங்கா பூரா வெட்டிட்டுப் போயிருந்தானுவ. கூப்பிட்டா எவன் போவான்? மத்தியானத்துக்குப் பெறவு சத்தம் கொறஞ்சு கொறஞ்சு, ஆட்டுக்குட்டி கரையுத மாதிரி இருந்துது. பெறவு அதுவும் இல்ல." கடைக்காரன் காரைப் பார்த்தான், பின் சீட்டில் இருந்தவரைப் பார்த்தான், சட்டென்று உள்ளே போய்விட்டான்.

தாசையன் வண்டியைத் திருப்பினான். வெட்டுகுழியண்டை வந்து நிறுத்தினான். காற்றுப் போய்ப் பிறகு ஒட்டுப் போட்ட சக்கரம் பின்னால் இடப்பக்கம் இருந்தது. ஜாக்கியை வைத்துத் தூக்கினான். பிச்சுமணி இறங்கமாட்டேன் என்றார். கண்ணை மூடி அப்படியே இருந்தார். நட்டைக் கழற்றிச் சக்கரத்தை உருவி, ஸ்டெப்னியை மாட்டினான். கடைசி நட்டை முறுக்கும்போது உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டது. நெடுநேரம் தலையில் சுமந்ததை இறக்கி வைக்கிறவன் விடுகிற மூச்சு.

ஜாக்கியை இறக்கினான். வண்டி இறங்கிற்று. பிறகு இன்னொரு தடவை இறங்கிற்று, யாரோ மறுபக்கத்துக் கதவால் ஏறி உட்கார்ந்த மாதிரி. தாசையன் எட்டிப் பார்த்தான். மறுபக்கத்தில் வெட்டுகுழித் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.

பிச்சுமணி கண்ணைத் திறந்தார். கையைப் பார்த்தார், காலை ஆட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "லேசா இருக்கு ஓய். நான்தான். நானேதான்." அப்புறம் முன் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"வண்டி எந்தத் திக்கு பாத்து நிக்கறது?"

"வீட்டப் பாத்து."

"தெக்கேன்னா பாத்து நிக்கணும்! அவர் தெக்கே போனவராச்சே! போறவாளுக்கு அந்தத் திக்குதானே ஓய்?"

"நான் கடையில கேக்கப் போனேன். திரும்பி வந்தா இப்படித்தான் நிக்கும்."

"நான் சொன்னபோதே நிறுத்தியிருந்தா?"

தாசையன் இன்னொரு தடவை திருப்பி, கழற்றி, மாட்டலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தான். மறுகணம், ஒரு சோற்றுப் பிராமணன் சொன்னான் என்று நடுரோட்டில் கூத்தாடுகிறோமே என்று வெட்கம் வந்தது. பெட்ரோல் வீடு போய்ச் சேரத்தான் இருந்தது. ஒட்டுப்போட்ட சக்கரத்தைத் தூக்கிப் பின் இரும்பில் மாட்டினான். ஐந்து சக்கரம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"ஏறியிரும் சாமி, போவோம்."

பிச்சுமணி அதற்குள் இறங்கி ரோட்டோரத்தில் நின்றார். "நான் பஸ்ல வந்துக்கறேன்."

"பஸ் எப்ப வருமோ, மழை வேற."

"வரட்டும். அந்தச் சீட்டுல இனி எனக்கு இடமில்லை."

தாசையன் தனியாகத் திரும்பி வந்தான். பின் சீட்டில் ஸ்பிரிங் முனகிக்கொண்டே வந்தது. ஆள் இறங்கின சீட்டுக்கு என்ன முனகல் வேண்டியிருக்கிறது? இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். மூன்றாவது தடவை திரும்பவில்லை. ஏன் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. கைமனம் வந்தது, வீட்டு வாசல் வந்தது, ஆனால் காலால் பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்காமல் வீடு பின்னால் போய்விட்டிருந்தது. கரமனை ஆற்றுப் பாலத்தைக் கடந்து, அக்கிரகாரத்துத் தெருமுனையில் வண்டி தானாக ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மழை நின்று மணி நாலு இருக்கும். இறங்கிக் கம்பி போட்டுச் சுற்றினான். கிளம்பியது. திரும்பி ஏற வந்தபோது பின்கதவு திறந்து கிடந்தது. அறைந்து சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தான். வருகிற வழியெல்லாம் ஸ்பிரிங் முனகவில்லை.

சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் பிரம்பால் ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒந்நு, ரெண்டு, மூந்நு, நாலு. பின்னால் வந்து, அஞ்சு. கையெழுத்துப் போட்டார். பெர்மிட்டும் அந்த மாசத்துக் கூப்பனும் தாசையனின் கைக்கு வந்தன. கூப்பனுக்கு அப்போதே பெட்ரோல் அடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் சொந்த வண்டியில், சீட்டி அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

வாசலில் ராஜமணி ஐயர் நின்றுகொண்டிருந்தார். மேலில் சட்டையில்லை, குடையில்லை, கரமனையிலிருந்து ஓடியே வந்திருக்கிறார். எலிசாள் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"தாசையா, வண்டியை எடு. அக்கா கூப்பிடறா."

"என்ன சங்கதி?"

"நேத்து நாலு மணிக்கு எங்க தெருமுனையில வண்டியை நிறுத்தினியோ?"

தாசையன் பெர்மிட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

சீதாலக்ஷ்மி கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது.

"டிரைவர், அவரை யாரு திரும்பக் கூட்டிண்டு வந்தா?"

"அம்மா, நான்..."

"நேத்து சாயங்காலம் வந்தார். கால் அலம்பற சத்தம் கேட்டது. அப்போலேர்ந்து சாமான் அறைக் கதவைத்தான் அசைச்சுப் பாத்துண்டிருக்கார். சாவி எங்கேன்னு கேக்கறார். அன்னிக்குக் காலம்பர கேட்ட அதே மாதிரி. அன்னிக்கு ஏழரைக்கு ராகுகாலம். அஞ்சு நிமிஷம் இருந்தது. ஸ்டெப்னியை எடுத்து, துடைச்சு, மாட்டி, அவர் கிளம்பறதுக்குள்ள ராகுகாலம் பொறந்துடும். சாவியைக் காணலை, வந்து தேடிக்கலாம், நல்ல நேரத்துல புறப்படுங்கோன்னு விரட்டினேன். சாவி என் இடுப்புல இருந்தது."

ராஜமணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே எங்கேயோ மரக்கதவு ஒன்று தாழ்ப்பாளில் இடித்தது. காற்று இல்லை. தெருவில் ஒரு இலைகூட அசையவில்லை.

"அதாக்கும் சக்கரத்தையே கொடுத்து அனுப்பினேன். போகட்டும்னுதான். திரும்பி வரதுக்கில்லை. டிரைவர், உம்ம வண்டி வாடகை வண்டியா ஆயாச்சோ?"

"இன்னைக்குத்தான் ஆச்சு, அம்மா."

"அப்போ இது முதல் சவாரி. தெக்கே கூட்டிண்டு போம். வழியில இறக்கப்படாது. நடுவுல நிறுத்தப்படாது. ரோடு முடியற வரைக்கும் போகணும். போன தடவை நான் அவசரப்படுத்தி அனுப்பிட்டேன். இந்தத் தடவை மெதுவாப் போங்கோ."

'போங்கோ' என்று அவள் சொன்னது தாசையனிடம் இல்லை.

இந்த ஊரில் இவன் நம்பின ஆள் ஒருத்தரும் கிடையாது. ஆனாலும் போய்க் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். வாடகை என்ன என்று கேட்கவில்லை. வீட்டுக்குள்ளே கதவிடிக்கிற சத்தம் நின்றது. ராஜமணி வாசல்படியிலிருந்து ஒதுங்கி வழி விட்டார். ஒருத்தர் வயசான நடை நடந்து வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆயிற்று. அப்புறம் வண்டி பின்பக்கம் தாழ்ந்தது. தாசையன் கதவைச் சாத்தினான். ஓங்கிச் சாத்தவில்லை.

மெதுவாகத்தான் ஓட்டினான். கைமனத்தில் எலிசாள் வாசலில் நின்று பின் சீட்டைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்து ஜெபம் சொன்னதைக் கண்டான், நிறுத்தவில்லை. வெட்டுகுழியைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஒன்றும் நடக்கவில்லை. குழித்துறை போயிற்று. நாகர்கோவிலில் கல்யாணவீடு எங்கேயோ அதைத் தாண்டிப் போயிற்று. அந்தக் கல்யாணம் முடிந்து பெண் புருஷன் வீட்டுக்குப் போயிருப்பாள். பின்னால் முனகல் கேட்டுக்கொண்டே வந்தது. மாசத்துப் பெட்ரோலில் பாதிக்கு மேல் ஒரே நாளில் எரிந்தது.

கன்னியாகுமரியில் ரோடு மணலுக்குள் போய் முடிந்தது. அதற்கு அப்பால் கடல். வெயில் சாய்ந்து வந்தது. தாசையன் இறங்கிப் பின்கதவைத் திறந்தான்.

"சாமி, வந்தாச்சு."

காற்று சீட்டின் மேல் மணலை வாரிப் போட்டது. அவன் காத்து நின்றான். கதவைப் பிடித்த கை வலித்தது. வண்டி உயர்ந்ததா? உயர்ந்த மாதிரியும் இருந்தது. குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்தான். மணலில் சக்கரம் புதைந்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. சுற்றி வந்து மறுபக்கத்துக் கதவையும் திறந்து வைத்தான். மணலில் காலடி ஏதாவது விழுகிறதா என்று பார்த்தான். காற்று அடிக்கிற அடியில் அவன் காலடியே நிற்கவில்லை.

"சாமி, எறங்கியாச்சுன்னா ஒரு வாக்குச் சொல்லும். நான் கேட்டுக்கிடுதேன்."

யார் சொன்னாலும் கேட்காதவன் அவன். இன்றைக்கு யாராவது ஒருத்தர் சொன்னால் போதும் என்று நின்றான். கடல் இரைந்துகொண்டே இருந்தது.

பின்னால் யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. கையில் தகரப்பெட்டியும் கக்கத்தில் குடையுமாக ஒரு மனுஷன், மூச்சு வாங்க வந்து நின்றான். பஸ்ஸைத் தவறவிட்டவன் போலிருந்தது.

"ஓய் டிரைவரே, நல்ல காலம் நீரு இருந்தீரு. நாகர்கோவிலுக்கு வருமா? வண்டி காலியாத்தானே நிக்கி?"

தாசையன் திறந்திருந்த கதவைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். அந்த மனுஷனை மேலும் கீழும் பார்த்தான்.

"ஏறி இருந்து பாத்துட்டு நீரே சொல்லும்" என்றான்.